சீனி அழுத காரணம்

1. மருந்து வேண்டாம் என்றவர்

பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "டாக்டரம்மா, பிழைச்சுக்கிடுமா?" என்பதுதான். மைதீன் பாய் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அதற்குள் ஒரு பூனையை வைத்துக் கொண்டுவந்திருந்தார். கூடையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மருந்து ஒண்ணும் குடுக்க வேண்டாம்மா. ஊசியும் வேண்டாம். இன்னும் எவ்வளவு நாளைக்கு இருக்கும்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க."

கூட வந்திருந்த மகள் நூர்ஜஹானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாப்பா, வைத்தியம் பாக்கத்தான வந்தோம்?"

"நீ சும்மா இரி பிள்ள."

இப்போதுதான் படிப்பை முடித்து, நாய் பூனைக்கென்று கிளினிக் திறக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அரசு வேலையில் சேர்ந்த காலத்தில் கால்நடை மருந்தகத்துக்குப் பூனை வராது. ஆற்றுப் பாசன ஊர்களில் மாடு, தெற்கே கூடங்குளம் பக்கம் போட்டபோது ஆடு. சினை நிற்கவில்லை, கன்று வயிற்றில் மாட்டிக்கொண்டது, மடி கல்லாகிவிட்டது என்று வருவார்கள். பூனைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அது எங்காவது மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். யாரும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். ஓய்வு பெற்று, சொந்தமாகக் கிளினிக் வைத்த பிறகுதான் கிழட்டுப் பூனைகளை நான் நிறையப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, நல்ல தீனி தின்று, தடுப்பூசியும் போட்டுக்கொண்ட பூனைகள் இப்போது நெடுநாள் வாழ்கின்றன. நெடுநாள் வாழ்ந்தால் மனிதர்களுக்கு வருகிற நோயெல்லாம் அவற்றுக்கும் வருகிறது.

மைதீன் பாய் மேலப்பாளையத்துக்காரர். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற பண்டாரி. அவர் கை நெய்ச்சோறு வேண்டும் என்பதற்காகவே நிக்காஹ் தேதியைத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு என்று என் உதவியாளர் இசக்கிமுத்து பிறகு சொன்னார். அவருடைய மனைவி செய்யதம்மா சில மாதங்களுக்கு முன்பு மாரடைப்பில் காலமாகிவிட்டார். பூனை அந்த அம்மா வளர்த்தது. பெயர் சீனி. நூர்ஜஹானுக்குக் கல்யாணம் ஆவதற்கு வெகு காலம் முன்பே வீட்டுக்கு வந்ததாம். பாய் அப்போதெல்லாம் பாதி நாள் கல்யாண மண்டபங்களில் இருப்பவர். சீனி அவர் பக்கமே போகாதாம்.

விவரத்தை நூர்ஜஹான்தான் சொன்னாள்.

"உம்மா மவுத்தான பொறவு இது ராவெல்லாம் அழுகுது டாக்டர். ஒரு ரூம் விடாம சுத்துது, நின்னு நின்னு கத்துது. பக்கத்து வீட்டுல தூங்க முடியலங்காங்க. எவ்வளவு போட்டாலும் திங்குது. ஆனா உடம்பப் பாருங்க, எலும்பாப் போச்சு."

பாய் குறுக்கே பேசினார். "அவளத் தேடுது. வேற என்ன? தெரு பூரா அதான் சொல்லுது. தேடித் தேடியே தேஞ்சு போச்சு. அது போற வழிக்கு நிம்மதியாப் போவட்டும். ஊசி, ஆஸ்பத்திரின்னு அதப் போட்டு வதைக்க வேண்டாம்."

அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரிப் பெருமை இருந்தது. என் வீட்டுக்காரிக்காக இப்படி உருகுகிற ஒரு ஜீவன் இருக்கிறது, பாருங்கள் என்பதுபோல.

2. தொண்டையில் ஒரு பயறு

"தொட்டுப் பாக்காம எப்படிப் பாய் நாள் சொல்ல முடியும்?" என்று சொல்லிக் கூடையை அவிழ்த்தேன்.

வெள்ளையும் மஞ்சளும் கலந்த பெட்டைப் பூனை. தூரத்திலிருந்து பார்த்தால் மெலிந்ததாகத் தெரியாது. பூனையின் ரோமம் நம்மை நன்றாக ஏமாற்றும். கையை வைத்தால்தான் தெரியும். முதுகில் விரலை ஓட்டினேன். எலும்பு கணுக் கணுவாகத் தட்டுப்பட்டது. தொடையில் சதையே இல்லை. ரோமம் எண்ணெய்ப் பசையாகத் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயம் எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

இதற்கிடையில் சீனி சும்மா இருக்கவில்லை. மேஜையில் இருந்து குதித்து, இசக்கிமுத்துவின் மதியச் சாப்பாட்டுப் பையைக் கண்டுபிடித்து, அதற்குள் தலையை விட்டு, வாழையிலைப் பொட்டலத்தைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே பொரித்த மீன்.

"ஏய், ஏய், எஞ்சோறு!" என்று இசக்கிமுத்து ஓடினார். நூர்ஜஹான் சிரித்துவிட்டாள். பாய் சிரிக்கவில்லை.

பிடித்து மறுபடி மேஜையில் வைத்து வாயைத் திறந்து பார்த்தேன். பல்லில் காரை இருந்தது, ஆனால் ஈறு பெரிதாகக் கெடவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன். கிட்னி கொஞ்சம் சிறுத்திருந்தது. அந்த வயதில் அது ஆச்சரியமில்லை. கடைசியாகத் தலையை லேசாக நிமிர்த்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மூச்சுக்குழலின் இரண்டு பக்கமும் வைத்துப் பையக் கீழே இறக்கினேன். இடது பக்கம் விரலுக்கடியில் ஏதோ நழுவியது. மறுபடி மேலிருந்து இறக்கினேன். மறுபடி நழுவியது. ஊறின பயறு அளவு இருக்கும்.

வயதான பூனை மெலிந்து வந்தால் நான் முதலில் கேட்பது, தீனி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றுதான். பசி குறைந்து மெலிந்தால் கிட்னி, ஈரல், கட்டி என்று யோசனை போகும். ஆசையாகத் தட்டுக்கு வந்து, வாயை வைத்ததும் பின்வாங்கினால் பல்லில் வலி இருக்கும். நன்றாகத் தின்றும் மெலிந்தால் சர்க்கரை நோயா, குடலில் கோளாறா, தைராய்டா என்று பார்க்க வேண்டும். பூனைக்குத் தைராய்டு கூடினால், உலையில் காற்று ஊதிவிட்ட மாதிரி உடம்பு முழுக்க வேகம் பிடிக்கும். தின்னும், ஓடும், கத்தும், தின்றதையும் சதையையும் சேர்த்து எரித்துவிடும். ராத்திரியில் காரணமில்லாமல் ஊளையிடுவதும் அதில் சேர்த்தி.

பாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"பாய், பூனைக்கும் துக்கம் உண்டு. ஆள் போயிட்டா சில நாள் தீனி எடுக்காது, மூலையில கெடக்கும். இது அப்படி இல்ல. தொண்டையில ஒரு சின்னக் கட்டி தட்டுப்படுது. தைராய்டு மாதிரி இருக்கு. ரத்தத்துல பாத்தாத் தெரிஞ்சிரும். மாத்திரை இருக்கு. குடுத்தா சதை பிடிக்கும், கத்துறதும் நிக்கும்."

அவர் என்னையே பார்த்தார்.

"அப்ப அது அவளத் தேடலங்கியளா?"

"நோய் இருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுதேன் பாய்."

"நான் கேட்டது அது இல்லம்மா."

அவர் சீனியைத் தூக்கிக் கூடையில் விட்டு, மேல் கூடையைக் கவிழ்த்து, கயிற்றை முடிச்சுப் போட்டார். "வேண்டாம்மா. ரத்தம் எல்லாம் எடுக்க வேண்டாம். நாங்க வாரோம்."

வாசல் வரை போனேன். "ஒண்ணு மட்டும் செய்யுங்க. அது எப்பக் கத்துது, எங்கன நின்னு கத்துதுன்னு கவனிங்க. எங்கிட்ட வந்து சொல்லணும்னு இல்ல. நீங்க பாத்தாப் போதும்."

தலையை ஆட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை. நூர்ஜஹான் மட்டும் திரும்பி, நான் பேசிப் பார்க்கிறேன் என்று கையால் ஜாடை காட்டினாள்.

"இனி வர மாட்டாரும்மா அந்த ஆளு," என்றார் இசக்கிமுத்து, கிழிந்த இலையைப் பார்த்துக்கொண்டே.

3. சேலை

அடுத்த வாரம் தனியாக வந்தார். மழை பிடித்திருந்தது. கிளினிக்கில் கூட்டம். ஒரு அல்சேஷன், இரண்டு பாமரேனியன், கழுத்தில் கட்டோடு ஒரு ஆட்டுக்குட்டி. கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்று சொன்னபோது, "அவங்க எல்லாம் முடிச்சுட்டுப் போவட்டும்" என்றார்.

எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்ன மாதிரி கவனிச்சேன். அவ ரூமுக்குள்ள போயித்தான் அழும்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்ல. அடுப்படியில நின்னு கத்துது. குளிமுறி வாசல்ல நின்னு கத்துது. செவத்தப் பாத்துக்கூடக் கத்துது. அவ படுத்த கட்டில் அங்கனயேதான் கெடக்கு, அதுல ஏறவே இல்ல."

கூடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"பொறவு நான் ஒரு காரியம் பண்ணினேன். அவ கடைசியா உடுத்தின சேலைய நான் துவைக்கப் போடல. பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். அத எடுத்துத் தரையில விரிச்சேன். அவ வாசன இன்னும் அதுல இருக்கு டாக்டரம்மா. எனக்கே தெரியுது. பூனைக்குத் தெரியாதா? இது வந்துச்சு. அதுமேல நடந்துச்சு. நேரா சோத்துச் சட்டிக்குப் போயிட்டு."

இசக்கிமுத்து கதவோரத்தில் நின்றவர் மெதுவாக வெளியே போய்விட்டார்.

"அவ இருக்கும்போதே ஒரு தடவ சொன்னா, இந்தப் பூனைக்கு வயித்துல பிசாசு பூந்துட்டு, என்னா தீனி திங்குதுன்னு. நான் காதுல வாங்கல. ரெண்டு கல்யாணம் அடுத்தடுத்து இருந்துச்சு."

"அதெல்லாம் யாருக்கும் தெரியாது பாய். பூனை சாப்பிட்டா நாம சந்தோஷந்தான் படுவோம்."

"அது இல்லம்மா." வார்த்தையைத் தேடினார். "அவ போன அன்னைக்கு ஊரே அழுதுச்சு. நூரு மயங்கி விழுந்தா. மகன் துபாயிலருந்து போன்ல கதறுதான். எனக்கு வரல. கபர்ஸ்தான்ல மண்ணு தள்ளும்போதும் வரல. வந்தவங்களுக்கு டீ குடுத்தாங்களா, சாப்பாடு எங்க சொல்லிருக்கு, அதுலயே நின்னேன். பொறவும் வரல. என்ன மனுஷன்டா நீன்னு எனக்கே தோணும். அப்பதான் இது கத்த ஆரம்பிச்சுது. நான் முழிச்சுக் கெடப்பேன். அது கத்தும். எனக்குச் சேத்து அது அழுகுதுன்னு நெனச்சுக்கிடுவேன். அது கத்தக் கத்த எனக்கு ஒரு ஆறுதல். அதான் மருந்து வேண்டாம்னேன்."

நாற்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இந்தத் தொழிலில் இருக்கிறேன். விலங்குகளைக் கொண்டுவருகிறவர்கள் என்னிடம் எதையெல்லாமோ சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒருவர் தன் மனதைத் திறந்து, அதற்குள் தான் கண்டதை மறைக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை.

"அது அவளுக்காக அழுகலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. நோவுலதான் கத்திருக்கு. அது நோவுல கத்த, நான் பக்கத்துல படுத்துக்கிட்டு ஆறுதல் பட்டிருக்கேன். இனி அப்படி இருக்க முடியாதும்மா. ரத்தம் எடுங்க. குணமாக்குங்க. அவளுக்காக அழ வேண்டியது நான். அத நான் பாத்துக்கிடுதேன்."

சீனியின் முன்னங்காலில் ரோமத்தை மழித்தேன். இசக்கிமுத்து பிடிக்க வந்தார். "நான் பிடிக்கேன்" என்று பாய் சொன்னார். தலையையும் தோளையும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் கையில் சூட்டுத் தழும்புகள், கரண்டிக் காய்ப்பு. அந்தக் கைக்குள் சீனியின் தலை ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. ஊசி உள்ளே போய், ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாயின் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. தாடி நனைந்துவிட்டது. துடைக்க அவர் கையை எடுக்கவில்லை. ஊசி வெளியே வந்து, பஞ்சை வைத்து, "விடலாம் பாய்" என்று நான் சொல்லும்வரை அந்தக் கை ஒரு இம்மிகூட அசையவில்லை.

4. 'நார்மல்'

பூனையின் ரத்தத்தைத் தனியாகப் பார்க்கிற லேப் நம் ஊரில் இல்லை. மனிதர்களுக்கான லேபுக்குத்தான் அனுப்புவேன். அன்று அங்கே புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள் போலிருக்கிறது. போன் செய்தாள்.

"மேடம், சீனின்னு ஒரு பேஷண்ட். தைராய்டு, சுகர், கிட்னி எல்லாம் போட்டிருக்கிய. வயசு பதினாலுன்னு இருக்கு. பிள்ளைக்கு எதுக்கு மேடம் இவ்வளவு டெஸ்ட்?"

"அது பிள்ளை இல்லம்மா. பூனை."

"பூனைக்கு சுகர் வருமா மேடம்?"

"வரும். ஆனா இந்தச் சீனிக்கு வந்திருக்காதுன்னு நெனைக்கேன். பாத்துச் சொல்லு."

மறுநாள் ரிப்போர்ட் நூர்ஜஹானின் போனுக்குப் போய்விட்டது. நான் பார்ப்பதற்கு முன்பே அவள் கூப்பிட்டாள். குரலில் ஒரே குழப்பம்.

"டாக்டர், எல்லாம் நார்மல்னு வந்திருக்கு. தைராய்டுக்கு நேராவும் நார்மல்னு போட்டிருக்கு. துபாய்ல அண்ணனுக்கு அனுப்பினேன். பாத்தியா, நோயே இல்ல, அது உம்மாவத் தேடித்தான் மெலிஞ்சிருக்குங்கான். வாப்பா அந்த ரிப்போர்ட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. இளம் டாக்டர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனித லேபின் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அளவு மனிதனுக்கானது. தைராய்டு ஹார்மோன் பூனைக்கு இயல்பாகவே நம்மைவிட மிகக் குறைவு. மனிதனுக்கு நடுவாந்தரமாக இருக்கிற ஒரு எண், பூனைக்கு வீடு பற்றி எரிகிற மாதிரி. சீனியின் எண் அப்படித்தான் இருந்தது. லேபின் மேல் தப்பில்லை. அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் பூனை தெரியாது.

பாயிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"பாய், அந்த 'நார்மல்' நமக்கு. பூனைக்கு இது ரொம்ப அதிகம். நோய் இருக்கு. சந்தேகமே இல்ல."

பெருமூச்சு விடுவது கேட்டது. "நல்லவேளம்மா," என்றார். "திரும்பவும் அந்த ஆறுதலுக்குள்ள போயி உக்காந்துக்கிடலாம்னு ஒரு நிமிஷம் தோணிட்டு. மாத்திரை என்னன்னு சொல்லுங்க."

5. வெங்காயம் இல்லாத சமையல்

மாத்திரை மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே கிடைக்கிற கார்பிமசோல்தான். அளவுதான் வேறு. காலையும் மாலையும் விடாமல், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். நூர்ஜஹான் அப்போது முழுகாமல் இருந்தாள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையை உடைக்கவோ தொடவோ கூடாது. ஆக முழுப் பொறுப்பும் பாய் தலையில் விழுந்தது.

பெரிய செம்பு அண்டாவில் சோறு கிளறிப் பழகிய விரல்களுக்கு ஒரு துண்டு மாத்திரை சிக்கவில்லை. சிக்கினாலும் சீனி விடவில்லை. முதல் வாரம் இரண்டு விரலில் பிளாஸ்திரியோடு வந்தார். "கடிச்சுத் துப்பிருது. துப்பினத நான் தேடிக்கிட்டுக் கெடக்கேன்."

இசக்கிமுத்து செய்து காட்டினார். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பூனையைக் கால்களுக்கிடையில் முகம் வெளியே பார்க்கிறபடி வைத்து, மேலிருந்து தலையைப் பிடித்து நிமிர்த்தி, நாக்கின் அடியாழத்தில் மாத்திரையை விட்டு, உடனே ஒரு மடக்குத் தண்ணீர். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். தானும் செய்தார். மறுபடி செய்தார். அடுத்த முறை வந்தபோது விரலில் பிளாஸ்திரி இல்லை.

மூன்றாவது வாரம் அடுத்த சிக்கல். நான் முன்பே எச்சரித்ததுதான். சீனி வாந்தி எடுத்தது. தீனியைத் தொடவில்லை. உலகத்தையே தின்றுவிடும் போல இருந்த பூனை, தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாய் கூடையோடு ஓடிவந்தார்.

"முன்ன தின்னுட்டு மெலிஞ்சுது. இப்பத் திங்காம மெலியுது. எது தேவலாம், நீங்களே சொல்லுங்க!"

இந்த மருந்து சில பூனைகளுக்கு முதலில் இப்படிச் செய்யும். சில நாள் நிறுத்திவிட்டு, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன். ஆனால் அதுவரை பூனை பட்டினி கிடக்கக் கூடாது. முழுப் பட்டினி ஓரிரு நாள் தாண்டினாலே பூனையின் ஈரல் கெட ஆரம்பித்துவிடும். எப்படியாவது கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும்.

"சமைச்சுக் குடுக்கலாமா?" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"குடுக்கலாம். உப்பு வேண்டாம்."

"சரி. இஞ்சி பூண்டு?"

"பூண்டு கூடவே கூடாது."

"வெங்காயம்?"

"வாசனைகூடக் காட்டாதிய. பூனையோட ரத்தத்தக் கெடுத்துரும்."

"வெங்காயம் இல்லாமப் பண்டாரி எதுக்கு!" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. பூனை நாக்கால் தின்பதைவிட மூக்கால்தான் அதிகம் தின்னும், வாசனை வராத தீனியைத் தொடாது, அதனால் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். கோழித் தொடையை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாறைச் சுண்டவைத்துக் கறிமேல் ஊற்றிப் பார்த்தார். சீனி முகர்ந்துவிட்டுப் போனது. ஈரலைப் பிசைந்து வைத்தார். நக்கிவிட்டுப் போனது. பிறகு மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்ச் சாளை மீன் வாங்கி, ஆவியில் வேகவைத்து, முள்ளெல்லாம் எடுத்து, கையில் சூடு தெரிகிற பக்குவத்தில், கிண்ணத்தில் இல்லாமல் தட்டையான தட்டில் பரத்தி வைத்தார். வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஆறிப்போனதும் எடுத்துப்போய்ச் சூடாக்கி மறுபடி வைத்தார். ஆற ஆற இப்படியே. ஊருக்கெல்லாம் சோறு போடுகிற மனுஷன், ஒரு பூனைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்ததை நூர்ஜஹான்தான் எனக்குப் போனில் சொன்னாள்.

சாயங்காலம் சீனி எழுந்து வந்து தின்றது. தட்டு முழுக்க இல்லை, பாதி. அதற்கே பாய் எனக்குப் போன் செய்துவிட்டார். "தின்னுட்டும்மா! அல்ஹம்துலில்லாஹ், தின்னுட்டு!"

குறைந்த அளவு மாத்திரை ஒத்துக்கொண்டது. அதன்பிறகு அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. தொழிலை விட்டுவிடவும் இல்லை. மனைவி போனதிலிருந்து கரண்டியைத் தொடாமல் இருந்தவர் மறுபடி சமைக்கக் கிளம்பினார். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளும்போது, மஃரிபு தொழுகைக்குப் பிறகு, பொழுது சாய்ந்ததும், கொஞ்ச நேரம் நான் இருக்க மாட்டேன், வீட்டுக்குப் போய்ப் பூனைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். அந்த வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்குத் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"பூனைக்கு மாத்திரையா? என்னவே பாய், விளையாடுதீரா? ஆயிரம் பேரு வருவாங்க வே!"

"உங்க சோறு கெட்டா நான் பொறுப்பு அண்ணாச்சி. அந்த மாத்திரைக்கும் நான்தான் பொறுப்பு. ரெண்டும் நடக்கும். இல்ல, வேற ஆளப் பாக்கணும்னா இப்பவே பாத்துக்கிடுங்க."

வேறு ஆள் பார்க்கவில்லை. தம் போட்டுவிட்டு, அடுப்பைக் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். சோறு நன்றாக இருந்ததாக இசக்கிமுத்து சொன்னார். அவரும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

6. அமைதி

தைராய்டை அடக்கினால், அதுவரை அது மூடி வைத்திருந்த கிட்னிக் கோளாறு வெளியே தெரிவது உண்டு. வேகமாக ஓடுகிற ரத்தம்தான் பழுதான கிட்னிக்கும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்துக் கட்டாயம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். சீனிக்கும் கிட்னி எண் கொஞ்சம் ஏறியிருந்தது. தைராய்டை முழுக்க அழுத்தாமல், கிட்னியையும் பட்டினி போடாமல், நடுவில் ஒரு அளவில் நிறுத்தினோம். அங்கேயே நிற்கிறது. மாதம் ஒரு தடவை குழந்தைகளுக்கான தராசில் ஏற்றி எடை பார்க்கிறோம். முதுகெலும்பு இப்போது விரலுக்கு எளிதில் அகப்படாது. சீனி கிழடுதான். கிழடாக, நல்ல சதையோடு, கோபக்காரியாக இருக்கிறது.

இந்த வேலையில் நான் மதிக்கிற டாக்டர்கள் பலர் உண்டு. நாய் பூனையைக் கொண்டுவருகிறவர்களில் நான் மிக மதிக்கிறவர் மைதீன் பாய்தான். நோயைக் கண்டுபிடிப்பது எங்கள் படிப்பு. அதற்கு எங்களுக்குக் கருவி இருக்கிறது, லேப் இருக்கிறது. தனக்குச் சாய்ந்துகொள்ள மிச்சமிருந்த ஒரே ஆறுதலைத் தானே சோதித்துப் பார்த்து, அது பொய்யென்று தெரிந்ததும் விட்டுவிட, எந்தக் கருவியும் உதவாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மெலிந்த பூனையோடு எப்போதும் ஒரு காரணமும் சேர்ந்து வரும். வயசாகிவிட்டது என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள், ஏங்கிப் போச்சு என்பார்கள். அதை மரியாதையாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே பூனையின் தொண்டையில் விரலை வையுங்கள், வாயைத் திறந்து பாருங்கள், தராசில் ஏற்றுங்கள். அந்தக் காரணம் தப்பென்று சொல்ல வேண்டி வந்தால் அவசரப்படாமல் சொல்லுங்கள். சில சமயம் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் நின்றுகொண்டிருப்பான்.

மருந்து பிடித்த பிறகு முதல் தடவை எடை பார்க்க வந்தபோது பாயிடம் கேட்டேன். "இப்பக் கத்துதா பாய்?"

"இல்லம்மா. நின்னுபோச்சு. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

"கஷ்டமா இருக்கா?"

"இருக்கு," என்றார். கூடைக்குள் கையை விட்டு அதன் காதுக்குப் பின்னால் தடவினார். "இருந்தாலும் அது தூங்குதும்மா. ராத்திரி பூரா தூங்குது."